அசையாத ஐந்தாவது தோட்டா

வில்டா கிரேன் வந்தபோது ஆர்லோ டாக்கெட் வலது காலை ஒரு நாற்காலியின் மேல் தூக்கி வைத்து, முழங்காலுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தார். முப்பது வருடம் ஷெரீஃப் அலுவலகத்தில் புலனாய்வாளராக உழைத்ததற்கு அரசாங்கம் ஓய்வூதியம் கொடுத்தது. முழங்கால் தன் பங்குக்கு வலியைக் கொடுத்தது. இப்போது தீவனக் கடைக்குப் பின்னால் ஓர் அறையை எடுத்து, தனியார் துப்பறிவாளர் என்று பலகை மாட்டியிருந்தார். வருகிற வேலையில் பாதி, கணவனைப் பின்தொடரச் சொல்லும் மனைவிகள். மீதிப் பாதி, மனைவியைப் பின்தொடரச் சொல்லும் அதே கணவர்கள்.

வில்டா முதியோர் இல்லத்தில் இரவுப் பணி செய்பவள். சீருடையைக்கூட மாற்றாமல் வந்திருந்தாள். ஓபல் ஸ்டக்கி காப்பி ஊற்றி அவள் முன்னால் வைத்தாள். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற ஓபல், ஆர்லோவுக்குத் தட்டச்சு செய்து கொடுக்க வந்தவள். வந்த ஆறே மாதத்தில் தானும் பாதித் துப்பறிவாளர் என்று முடிவுகட்டியிருந்தாள்.

"எனக்கு ஒரே ஒரு கேள்விதான், மிஸ்டர் டாக்கெட்," என்றாள் வில்டா. "என் புருஷனை நான்தான் கொன்னேனா?"

ஆர்லோ காலைக் கீழே இறக்கினார். மூன்று வாரத்துக்கு முன் ஹாலிஸ் கிரேன் இறந்தது மிசௌரியின் அந்த மூலையில் எல்லாருக்கும் தெரியும். சட்டைப் பையிலும் கோட்டுப் பையிலும் தினமும் வைத்துக்கொள்கிற கட்டைக்குழல் ரிவால்வர்களையும் அவற்றின் தோட்டாக்களையும் சோதித்து, எது தேறும், எது தேறாது என்று உள்ளூர் வாரப் பத்திரிகையில் எழுதி வந்தவர். அதிகம் பேசமாட்டார், ஆனால் எழுதினால் தயவுதாட்சண்யம் கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டுக்குப் பின்னால் அவர் சோதனை செய்யும் மேஜையருகே செத்துக் கிடந்தார். மேஜையிலிருந்து துப்பாக்கி விழுந்து வெடித்த விபத்து என்று ஷெரீஃப் அலுவலகம் கோப்பை மூடிவிட்டது.

"அது என் துப்பாக்கி," என்றாள் வில்டா. "அப்பாவோடது. ரொம்பப் பழசு, முப்பத்திரண்டு காலிபர், கனமே இருக்காது. ராத்திரி வேலைக்குப் போறப்ப கோட்டுப் பையில போட்டுக்குவேன். உள்ள, தோட்டாவைத் தட்டுற சுத்தியைத் தடுக்கிற தகடு எப்பவோ உடைஞ்சு போச்சு, கீழ விழுந்தாலே வெடிச்சுடும். அதனால உருளையில இருக்கிற ஆறு அறையில அஞ்சைத்தான் நிரப்பணும், சுத்திக்கு அடியில இருக்கிறது காலியா இருக்கணும்னு ஹாலிஸ் படிச்சுப் படிச்சுச் சொல்வார். அப்படி வச்சா மாடியிலேர்ந்து போட்டாலும் வெடிக்காது."

"நிரப்பினது நீங்களா?"

"சனிக்கிழமை சாயங்காலம், சமையலறை மேஜையில. ஞாயித்துக்கிழமை காலையில வந்ததும் அப்படியே கொண்டுபோய் அவர் மேஜையில வச்சுடுவேன். பையில கிடந்து, வேர்வை பட்டு, பஞ்சு ஒட்டின தோட்டா ஒழுங்கா வெடிக்குதான்னு பார்ப்பார். பெட்டியிலேர்ந்து பளபளன்னு எடுத்துச் சுட்டுப் பார்த்தா அது சோதனையே இல்லைம்பார். நான் வச்சேன், காதுல பஞ்சை அடைச்சுக்கிட்டுப் படுத்துட்டேன். ஞாயித்துக்கிழமைன்னா எங்க வீட்டுப் பின்னால வெடிச்சத்தம் கேட்டுக்கிட்டேதான் இருக்கும்."

அவள் காப்பியைத் தொடவே இல்லை.

"துப்பாக்கியில வெடிச்சது ஒண்ணு, வெடிக்காதது அஞ்சு இருந்துச்சாம். அப்ப நான் ஆறையும் நிரப்பியிருக்கேன். பதினோரு வருஷமா அஞ்சுதான் போடுறேன். ஆனா அந்த வாரம் ரெண்டு பேரோட வேலையை நான் ஒருத்தியே பார்த்தேன். கை என்ன பண்ணுச்சுன்னு எனக்குத் தெரியல. சத்தியம் பண்ணச் சொன்னா என்னால முடியாது."

ஆர்லோவுக்கு இந்த வேலை வேண்டாம் என்றிருந்தது. துப்பாக்கிச் சாவுகளை அவர் வாழ்நாளுக்குப் போதுமான அளவு பார்த்தாகிவிட்டது. ஆறு போட்டாள் என்று நிரூபணமானால் இந்தப் பெண் எப்படி வீட்டுக்குப் போவாள் என்று நினைத்துப் பார்த்தார். ஆனாலும் தொப்பியை எடுத்துக்கொண்டார்.

ஹாலிஸின் நோட்டுப் புத்தகம் சமையலறை இழுப்பறையில் இருந்தது. கடைசிப் பக்கத்தை ஓபல் சத்தமாகப் படித்தாள். டெல்மர் ப்ரூயிட் வீட்டில் கைப்பட அடைத்து விற்கும் முப்பத்திரண்டு தோட்டாக்களைப் பற்றிய குறிப்பு அது. பித்தளைக் கூட்டின் வாய் ஈயக்குண்டை இறுக்கிப் பிடிக்கவில்லை. கனமில்லாத துப்பாக்கியில் ஒன்று வெடித்தால் அந்த உதறலில், மற்ற அறைகளில் காத்திருக்கும் குண்டுகள் ஒவ்வொன்றும் நகக்கண் அளவு முன்னால் நகர்ந்துவிடுகின்றன. மூன்று நான்கு வெடித்தால் குண்டு வெளியே நீண்டு உருளையைச் சுழலவிடாமல் முட்டிக்கொள்ளும். பதினைந்து பெட்டி சோதித்தும் அதே முடிவு. அடுத்த வாரம் எழுதுகிறேன் என்று முடித்திருந்தார்.

"நிரப்பினதும் டெல்மர் தோட்டாதானா?" என்று கேட்டார் ஆர்லோ.

"ஆமா. அன்னிக்குத்தான் புதுப் பெட்டியைப் பிரிச்சேன். அதோ, அலமாரியில இருக்கு. அன்னிக்கு ராத்திரி ஒரு குண்டுகூடச் சுடல."

ஷெரீஃப் அலுவலகத்தில் துணை ஷெரீஃப் பார்னெட், பழைய மேலதிகாரி என்ற மரியாதைக்காக, தோட்டாக்களைப் போட்டு வைத்திருந்த காகித உறையை எடுத்துக் கொடுத்தான். வெடிக்காத ஐந்து தோட்டாக்களையும் ஓபல் மேஜைக் கண்ணாடியின் மேல் வரிசையாக நிற்க வைத்தாள்.

"ஒருத்தன் மட்டும் குள்ளன்," என்றாள். "இவன் வாயைச் சுத்தி ஆழமா ஒரு கோடு வேற இருக்கு. மத்தவங்களுக்கு அது பட்டும் படாம இருக்கு. ஆர்லோ, இது என்னமோ சொல்லுது."

"சொல்லட்டும். நீ கொஞ்சம் சொல்லாம இரு."

"இருபத்தாறு வருஷம் அம்பது பசங்களை வச்சு பஸ் ஓட்டினவ நான். வாயை மூடுன்னு சொன்னா எனக்கு மூடத் தெரியாது, மத்தவங்களைத்தான் மூட வைக்கத் தெரியும்," என்றாள் ஓபல்.

டெல்மரின் கொட்டகை ஆற்றுப் பாலத்தைத் தாண்டி இருந்தது. அறுபது வயது, அடக்கமான ஆள், ஹாலிஸின் இருபது வருட நண்பர். ஈமச்சடங்கில் சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் ஒருவர். ஆர்லோ தன் கோட்டுப் பையைத் தட்டிக் காட்டி, முழங்கால் போனபின் ஓட முடிவதில்லை, பையில் வைக்க ஒன்று வாங்கலாமென்று இருக்கிறேன், என்ன போடலாம் என்று கேட்டார்.

"முப்பத்தெட்டு வேணாம், ஆர்லோ," என்றார் டெல்மர். "கடையில எல்லாரும் அதைத்தான் தள்ளிவிடுவாங்க. கனமில்லாத துப்பாக்கியில அது கையை உதறிடும். முதல் குண்டு யாரு வேணா சுடலாம். ரெண்டாவதும் அதே இடத்துக்குப் போகணும், அதுதான் விஷயம். முப்பத்திரண்டு எடுத்துக்க. உதறல் கம்மி, ஆறு ஏறும். வீட்ல சும்மா பழகாத, பையில வச்சுப் பழகு. கோட்டுத் துணியில மாட்டிக்கிட்டு வெளிய வராத துப்பாக்கி இருந்தும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்."

பேசிக்கொண்டே அலமாரியை நோக்கிக் கை நீட்டினார். பெட்டியைத் தொட்டவர், தொட்டபடியே சற்று நின்றார். பிறகு கையை இழுத்துக்கொண்டு, குனிந்து வேலைமேஜைக்கு அடியிலிருந்து வேறொரு பெட்டியை எடுத்தார்.

"இது எடுத்துக்க. போன மாசக் கடைசியில அடைச்சது. வாயை இன்னும் இறுக்கிக் கட்டியிருக்கேன். இன்னும் ஒருத்தருக்கும் கொடுக்கல, நீதான் முதல். ஹாலிஸ் போனப்புறம் விக்கவே மனசு வரல."

"சித்திரமும் கைப்பழக்கம்னு சொல்றது உங்களைப் பார்த்துத்தான் போல," என்றாள் ஓபல். டெல்மர் சிரிக்கவில்லை.

காரில் ஏறியதும் ஆர்லோ பெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்துப் பார்த்தார். பித்தளை வாயைச் சுற்றி ஆழமான கோடு. அவருக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். அசதியாகத்தான் இருந்தது. ஓபல் மட்டும் வண்டியைக் கிளப்பிக்கொண்டே, "நான்தானே முதல்ல குள்ளனைக் கண்டுபிடிச்சேன், அதை எழுதி வச்சுக்க," என்றாள்.

மறுநாள் மதியம் மூன்று மணிக்கு, வில்டாவின் சமையலறையில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். துணை ஷெரீஃப் பார்னெட்டை ஆர்லோ வரவழைத்திருந்தார். டெல்மரை வில்டாவே கூப்பிட்டிருந்தாள். பார்னெட் கொண்டுவந்த உறையைப் பிரித்து ஆர்லோ ஐந்து தோட்டாக்களையும் மேஜையில் நிறுத்தினார்.

"இந்தத் தோட்டா கனமில்லாத துப்பாக்கியில வெடிச்சா மத்ததெல்லாம் கொஞ்சம் முன்னால நகரும். ஹாலிஸ் பதினஞ்சு பெட்டி சுட்டுப் பார்த்து எழுதியிருக்கார். அன்னிக்கு வில்டாவோட துப்பாக்கியில ஒண்ணு வெடிச்சுது. பார்னெட், எத்தனை நகர்ந்திருக்கணும்?"

"அஞ்சும்."

"எத்தனை நகர்ந்திருக்கு?"

பார்னெட் குனிந்து பார்த்தான். அடுப்பு மேடையிலிருந்த கத்தியை எடுத்து ஈயமுனைகளின் மேல் கிடையாக வைத்துப் பார்த்தான். "நாலு," என்றான் மெதுவாக.

"விழுந்து வெடிச்சாலும் உதறல் உதறல்தான். உள்ள இருந்தா எல்லாம்தான் உதறியிருக்கும்," என்றார் ஆர்லோ. "இந்த அஞ்சாவது மட்டும் ஏன் அசையல? ரெண்டு காரணம் இருக்கலாம். வெடிச்சப்ப உள்ளேயே இல்லாம இருந்திருக்கணும். இல்லாட்டி அசையாதபடி இறுக்கிக் கட்டினதா இருக்கணும். வாயைப் பாருங்க, இது இறுக்கிக் கட்டினதுதான். வில்டா, உங்க பெட்டியைக் கொண்டு வாங்க."

அலமாரியிலிருந்த பெட்டியில் எல்லாத் தோட்டாக்களும் பழைய மாதிரியானவை. ஒன்றிலும் ஆழமான கோடு இல்லை. ஆர்லோ நேற்று வாங்கிய பெட்டியைப் பக்கத்தில் வைத்துத் திறந்தார்.

"இறுக்கிக் கட்டினது இங்க இருக்கு. போன மாசக் கடைசியில அடைச்சது. நான் வாங்குறவரைக்கும் ஒருத்தருக்கும் கொடுக்கல. அப்ப வில்டா கையால இது துப்பாக்கிக்குள்ள போயிருக்கவே முடியாது. அடைச்ச ஆள் பையிலேர்ந்துதான் போயிருக்கணும். டெல்மர், நீ எப்பவும் இடது பையில ஒரு அஞ்சாறு உதிரியா வச்சிருப்ப. இந்த ஊர்ல துப்பாக்கி வச்சிருக்கிற எல்லாருக்கும் இருக்கிற பழக்கம்தான்."

டெல்மர் தன் இடது பையைப் பார்த்தார். கை அதற்குள்தான் இருந்தது.

"சரியா அஞ்சு போட்டு, சுத்திக்கு அடியில காலியா வச்ச துப்பாக்கி கீழ விழுந்து வெடிக்காது. விசையை இழுத்தாத்தான் வெடிக்கும்," என்று ஆர்லோ தொடர்ந்தார். அவர் குரலில் கோபம் இல்லை. "இழுத்தா உருளை ஒரு அறை சுத்தும். வெடிச்ச கூட்டுக்குப் பக்கத்துல அந்தக் காலி அறை வந்து நிக்கும். துப்பாக்கி தெரியாதவனுக்கு அது வெறும் ஓட்டை. உனக்கு அது, யாரோ விசையை இழுத்திருக்காங்கன்னு எழுதி ஒட்டின மாதிரி. வில்டாவோட பெட்டி வீட்டுக்குள்ள இருந்துச்சு. கை தானா பைக்குப் போச்சு. தெரியாதவனா இருந்திருந்தா அப்படியே விட்டுட்டுப் போயிருப்பான். நமக்கும் ஒண்ணும் தெரிஞ்சிருக்காது."

 டெல்மர் பேசத் தொடங்கியபோது பார்னெட்டைப் பார்க்கவில்லை, வில்டாவையும் பார்க்கவில்லை, மேஜையைப் பார்த்துப் பேசினார்.

"புதுசைக் காட்டத்தான் போனேன். பாரு, சரி பண்ணிட்டேன், எழுதாதன்னேன். சுட்டுப் பார்க்கக்கூட இல்லை அவன். புதுசு நல்லாத்தான் இருக்கும், ஆனா வித்ததை என்ன பண்ணுவ, அத்தனை பேர்கிட்டயும் போய்த் திருப்பி வாங்குன்னான். எட்டு வருஷமா வித்தது, ஆர்லோ. யார் யார்கிட்ட இருக்குன்னு எனக்கே தெரியாது. ஊர் முழுக்க என் பேரு நாறிப் போகும்னேன். வில்டா பையில இருக்கிறதும் அதுதாண்டான்னு சொல்லி மேஜையில இருந்த அவ துப்பாக்கியை எடுத்துக் காட்டினான். கீழ வைன்னு பிடிச்சு இழுத்தேன். அவனும் இழுத்தான். யார் விரல் பட்டுச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியல."

"அப்பவே சொல்லியிருந்தா அது விபத்து," என்றான் பார்னெட்.

"தெரியும்."

"ஆறும் நிரம்பியிருந்தா யார் தலையில விடியும்னும் உங்களுக்குத் தெரியும்," என்றாள் ஓபல். பேருந்தில் பையன்களை அடக்கிய குரல் அது. "ஈமச்சடங்குல அவளுக்குப் பக்கத்துல நின்னு தோள்ல கை போட்டீங்க. நான் பார்த்தேன்."

 தலைக்கு மேலே வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன என்பதுபோல் டெல்மர் எழுந்து, பையிலிருந்த மிச்சத் தோட்டாக்களை எடுத்து மேஜையில் வைத்துவிட்டு பார்னெட்டோடு நடந்தார். வாசலில் நின்று, "நேத்து அந்தப் பழைய பெட்டியை எடுக்கத்தான் போனேன்," என்றார் ஆர்லோவிடம். "எடுத்திருந்தா தப்பிச்சிருப்பேன்ல?"

"தப்பிச்சிருப்ப," என்றார் ஆர்லோ.

"உன் பையில அது கிடக்கட்டும்னு கொடுக்க மனசு வரல," என்று சொல்லிவிட்டு டெல்மர் படியிறங்கினார். இதை வைத்து அந்த ஆளை வெறுக்கவும் முடியாமல், மன்னிக்கவும் முடியாமல் ஆர்லோ நாற்காலியில் சாய்ந்தார். கெட்டவர்களைப் பிடித்த காலத்தில்கூட இவ்வளவு களைப்பு வந்ததில்லை.

வில்டா இன்னும் மேஜையருகே அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"அஞ்சுதான் போட்டிருக்கேனா?"

"அஞ்சுதாம்மா. காலி அறை சுத்திக்கு அடியிலதான் இருந்துச்சு. ரெண்டு பேர் வேலையைப் பார்த்துட்டு வந்தும் உங்க கை தப்புப் பண்ணல."

அவள் தலையாட்டினாள்.  ஓபல் முதியோர் இல்லத்துக்குத் தொலைபேசி செய்து, வில்டா இன்றைக்கு வரமாட்டாள், வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அதட்டிவிட்டு வந்தாள்.

"மூணு வாரமா அந்தக் கையைத்தான் நினைச்சுக்கிட்டிருந்தேன்," என்றாள் வில்டா. "எண்ணிப் போட்டேனா, எண்ணாமப் போட்டேனான்னு. ஹாலிஸை ஒரு தடவைகூட நினைக்கல. அவர் மொகம் எப்படி இருக்கும்னுகூட..."

 கணவர் செத்து மூன்று வாரம் கழித்து, அவருக்காக முதல்முறையாக அழ ஆரம்பித்தாள். ஓபல் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். முழங்கால் வலித்தாலும் ஆர்லோ எழுந்து போகாமல் கூடவே உட்கார்ந்திருந்தார்.