சந்திரமதியின் எறும்புச் சோதனை

நம் உடம்புக்குள் காவல் அணுக்கள் உண்டு. சில சமயம் அவை வழிதவறி நம்மையே தாக்கும். அது ஏன், அவற்றை எப்படி அடக்குவது என்று ஆயுள் முழுக்க ஆராய்ந்தவர் டாக்டர் சந்திரமதி. அவருடைய ஆய்வுக்கூடத்தில் விலை உயர்ந்த கருவிகள் ஏராளம். ஆனால் அவருடைய முதல் கருவி ஒரு செவ்வெறும்பு!

1957. மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைக்கப்போகும் வாரம். மலாக்காவில், காஜா பெராங்கிலிருந்த ஒரு தமிழ்ப்பள்ளியில் மெர்டேக்கா என்னும் சுதந்திர ஊர்வலத்துக்கு ஒத்திகை நடந்தது. பிள்ளைகள் இரண்டிரண்டு பேராகக் கைகோத்து நடக்க வேண்டும். பத்து வயது சந்திரமதிக்கு ஜோடி, அவள் தோழி அஞ்சலை. அஞ்சலையின் புறங்கையில் வெள்ளைத் திட்டுகள் இருந்தன.

“ஐயே, பெருவியாதி!” என்று கத்தினான் சுப்பையன். “அந்த எடம் மரத்துப் போயிடுமாம். கிள்ளினாக்கூடத் தெரியாதாம். எங்கப்பா சொன்னாரு. சுங்கை பூலோவுக்குப் புடிச்சிக்கிட்டுப் போயிடுவாங்க!”

தொழுநோயாளிகளை ஊரைவிட்டுப் பிரித்து வைக்கும் இடம் அது. பிள்ளைகள் விலகி ஓடினார்கள். நல்லையா வாத்தியாரும் தயங்கினார்.

“அஞ்சலை, நீ ஊர்வலத்துக்கு வர வேணாம்மா.”

அஞ்சலைக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சந்திரமதிக்கோ பொல்லாத கோபம். அந்தக் கோபத்திலும் அவள் மூளை சும்மா இருக்கவில்லை.

“மரத்துப் போயிடும்னுதானே சொன்ன, சுப்பையா?”

“ஆமா!”

“அப்ப பாத்துடலாம். அஞ்சலை, கொஞ்சம் கடிக்கும். பொறுத்துக்குவியா?”

அஞ்சலை தலையாட்டினாள். ரம்புத்தான் மரத்தில் ஊர்ந்த செவ்வெறும்பு ஒன்றைப் பிடித்து, முதலில் தன் கையில் விட்டாள் சந்திரமதி. “ஆ!” பிறகு இன்னொன்றை அஞ்சலையின் வெள்ளைத் திட்டில் விட்டாள்.

“ஐயோ, அம்மா!”

அஞ்சலை போட்ட கூச்சலில் வாத்தியாரின் ஊதல் கீழே விழுந்தது.

“கேட்டீங்களா சார்? எனக்கு வலிச்ச மாதிரியே அவளுக்கும் வலிக்குது! நாங்க எப்பவும் ஒரே கிளாஸ்லதான் தண்ணி குடிக்கிறோம். என் கையில ஒரு புள்ளியாவது இருக்கா?”

வாத்தியார் முகம் சுண்டிப்போனது. அன்றே இருவரையும் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். அங்கிருந்த டாக்டரம்மா சோதித்துவிட்டுச் சிரித்தார்.

“இது வெண்புள்ளி. யாருக்கும் ஒட்டாது.”

“ஏன் டாக்டர் வருது?” என்று கேட்டாள் சந்திரமதி.

“அது எங்களுக்கே இன்னும் தெரியாதும்மா.”

“அப்ப நான் கண்டுபிடிக்கிறேன்!” வழிதவறிய காவல் அணுக்களின் வேலைதான் வெண்புள்ளி என்பது பின்னாளில்தான் தெரியவந்தது.

ஊர்வல நாளும் வந்தது. முன்வரிசையில் அஞ்சலை. சுப்பையன் தலையைச் சொறிந்துகொண்டு அவளிடம் வந்தான்.

“தப்பா சொல்லிட்டேன். உன் கையை நான் புடிச்சிக்கட்டுமா?”

“பின்னால போ! இது என் எடம்!” என்று சீறினாள் சந்திரமதி.

“எனக்கு ரெண்டு கை இருக்கே!” என்று மற்றக் கையை நீட்டினாள் அஞ்சலை.

மூவரும் கைகோத்து, “மெர்டேக்கா!” என்று தெருவே அதிர முழங்கிக்கொண்டு நடந்தார்கள்.