தலைமாட்டில் விட்ட இடம்

திரை மறுபடியும் அதே இடத்தில் நீலமானது.

பாடகர்களின் பாட்டும் குடைகள்மேல் விழும் மழையும் யாரோ மூக்கைச் சிந்துவதும் கேட்டுக்கொண்டேயிருந்தன. படம் மட்டும் இல்லை. கேமரா சவப்பெட்டியில் கிடக்கும் அப்பச்சனின் கால்மாட்டிலிருந்து கிளம்பி, வெள்ளை உறை மாட்டிய கைகளைத் தாண்டி, முகத்தைத் தாண்டி, பெட்டியின் தலைமாட்டுக்கு இடப்பக்கம் திரும்பும்போது நீலம் விழும். வேறு பக்கம் நகர்ந்ததும் படம் வந்துவிடும். பூஞ்சை பிடித்த கேசட்டில் படம் எங்கே வேண்டுமானாலும் அறுந்திருக்கலாம். அறுந்தது அங்கே மட்டும்.

ஈப்பன், கேசட் படத்தைக் கணினிக்குள் ஏற்றும் அந்த விரல் நீளக் கருவியை மடிக்கணினியிலிருந்து பிடுங்கி மேசைமேல் எறிந்தான்.

"எறிஞ்சா படம் வந்துடுமா?" என்றான் பாப்பிச்சன். வி.சி.ஆர். காலத்திலிருந்து கடை வைத்திருக்கும் மெக்கானிக். ஜீப் நிறையப் பழைய மிஷின்களோடு வந்து, காலையிலிருந்து வரவேற்பறை முழுவதும் வயர் இழுத்துப் போட்டிருந்தான். "மலிவா கிடைக்குதுன்னு ஃபோன்ல ஆர்டர் பண்ணது நீதான? இது பயந்தாங்கொள்ளி அச்சாயா. படம் கொஞ்சம் ஆடினாப் போதும், கண்ண மூடிக்கிட்டு நீலத்தைப் போட்டுடும்."

"அப்ப பயப்படாத மிஷினைப் போடு."

"போடறேன். கேசட்டு தாங்கணுமே. ஒவ்வொரு தடவையும் மாவு மாவா உதிருது. கொஞ்சந்தான் உயிரு பாக்கி."

உள் அறையில் அம்மச்சி இருமினாள். இவ்வளவும் அவளுக்காகத்தான். தோஹாவில் முப்பது வருடம் ஏசி பழுது பார்த்துவிட்டு ஈப்பன் வீடு திரும்பி இரண்டு மழைக்காலம் கடந்துவிட்டது. அவள் அவனை இன்னும் மகன் என்று ஒப்புக்கொள்ளவில்லை. வாடகைக்காரன் என்றுதான் கூப்பிடுகிறாள். அவன் கையால் பச்சைத் தண்ணீர் குடிப்பதில்லை. மறதி நோய் என்று தள்ளிவிடவும் வழியில்லை; ரப்பர் வெட்ட வருகிறவனின் பேத்திக்கு எத்தனை பல் முளைத்திருக்கிறது என்பதுவரை அவளுக்குத் தெரியும். "எம் மகன் அப்பன் சாவுக்கு வந்தான். வந்தவன் திரும்பிப் போகல. நீ யாரு?" என்பாள்.

ஈப்பன் வரவில்லை. பாஸ்போர்ட் கம்பெனி லாக்கரில் இருந்தது. அடக்கத்தின் வீடியோதான் அவனைத் தேடிக் கடல் தாண்டிப் போனது. அப்போதெல்லாம் எல்லா வீட்டிலும் அப்படித்தான். வர முடியாத மகனுக்காகத் தலைமாட்டில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டுக் குடும்பம் வரிசையாக நிற்கும். ஸ்டுடியோக்காரன் பிறகு அந்த இடத்தில் அவன் போட்டோவைச் சேர்த்து அனுப்புவான். ஈப்பன் அந்தப் பார்சலைப் பிரிக்கவே இல்லை; ஊர் திரும்பும்போது அப்படியே கொண்டுவந்திருந்தான். வீட்டிலிருந்தவர்களும் பார்க்கவில்லை, நேரில் பார்த்ததை எதற்குத் திரையில் பார்க்க வேண்டும்?

இப்போது டாக்டர் கைவிரித்துவிட்டார். அம்மச்சி கண்ணை மூடுவதற்குள் அந்த இடத்தை அவளுக்குக் காட்ட வேண்டும். பாருங்கள், அன்றைக்கு யாரும் வரவில்லை, நான்தான் உங்கள் மகன் என்று சொல்ல வேண்டும். அவள் ஒரே ஒரு தடவை அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். வேறெதுவும் வேண்டாம்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. சாயங்காலம் ஆகுமுன்பே ரப்பர் மரங்களுக்குள் வெளிச்சம் செத்துப்போய், வீட்டுக்குள் ஈர மரப்பலகை வாசனையும், சூடேறிய மிஷின்களின் ரப்பர்ப்பட்டை வாடையும், அம்மச்சியின் அறையிலிருந்து வரும் தைல நெடியும் ஒன்றாகக் கலந்து தொண்டையில் படிந்தன. பாப்பிச்சன் பெரிய மிஷின் ஒன்றைத் தூக்கி வைத்து டி.வி.யோடு இணைத்தான். ஆடும் படத்தை இது இழுத்துப் பிடிக்கும் என்றான். கேசட்டை உள்ளே தள்ளினான். அது நாடாவைப் பல்லில் கடிப்பதுபோல் ஒரு சத்தத்தோடு விழுங்கியது.

பாட்டு. மழை. கைகள். அப்பச்சனின் முகம். படம் நடுங்கியது, சாய்ந்தது, நின்றது. நீலம் வரவில்லை.

கறுப்புக் குடைகளுக்குக் கீழே அம்மச்சி நின்றாள். அடுத்துத் தலைமாட்டில் விட்ட இடம். அதற்கடுத்து வெள்ளைச் சேலையில் தங்கை மோளிக்குட்டி.

அந்த இடத்தில் ஒருவன் நின்றான்.

உருவம் மெழுகுபோல வழவழப்பாக இருந்தது. ஓரங்கள் இரண்டு பக்கத்து ஆட்களோடும் இழுபட்டுக் கரைந்திருந்தன.

"ஸ்டுடியோக்காரன் உன் போட்டோவை ஒட்டிட்டான்," என்றான் பாப்பிச்சன்.

"ஒட்டல."

மோளிக்குட்டி கஞ்சிக் கிண்ணத்தோடு வாசற்படியில் நின்றிருந்தாள். புருஷன் செத்தபிறகு இந்த வீட்டிலேயே இருந்து அம்மச்சியைப் பார்த்துக்கொள்பவள். ஈப்பனிடம் பேசுவதே குறைவு.

"போட்டோ கேட்டு வந்தான். அம்மச்சி விரட்டிட்டா. 'போட்டோ எதுக்கு, அவனே வந்துட்டானே'ன்னா."

"இத ஏன்டி இத்தனை நாளா சொல்லல?"

"நீ கேட்டியா இச்சாயா? முப்பது வருஷமா ஃபோன்ல என்ன கேட்ட? ரப்பர் என்ன விலைக்குப் போகுதுன்னு கேட்ட."

"பக்கத்துல நின்னவ நீதான? அங்க யாருடி நின்னது?"

"யாருமில்ல." அவள் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "மழை சாய்ச்சு அடிச்சுது. எல்லாரும் தொப்பலா நனைஞ்சோம். எனக்கு அந்தப் பக்கத்துத் தோள் மட்டும் நனையல."

பாப்பிச்சன் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. "சும்மா இருங்க ரெண்டு பேரும். இது மிஷின் பண்ற வேலை. படத்துல ஒரு வரி அழிஞ்சிருந்தா, மேல இருக்கற வரியை எடுத்து அங்க ஒட்டிடும். ஓட்டை தெரியக் கூடாதுல்ல. அப்படி ஒட்டி ஒட்டி ஒரு ஆளையே செஞ்சிருக்கு."

ஈப்பனுக்கு மூச்சு வந்தது. அப்படித்தான் இருக்கும். ஏசியிலேயே பார்த்திருக்கிறான், இல்லாத குளிரை இருப்பதாகக் காட்டும் மீட்டர்களை.

"எதையும் சேர்க்காத மிஷின் இருக்கா?"

"இருக்கு. மூடிப்போன கேபிள் டி.வி. ஆபீஸ்ல வாங்கினது. ஓட்டை இருந்தா ஓட்டையாவே காட்டும். நல்லா இருக்காது பாக்க."

"அதான் வேணும்."

இரும்புப் பெட்டி. உள்ளே காற்றாடி முனகியது. பாப்பிச்சன் பின்பக்கத்து ஸ்விட்சு ஒன்றைக் கீழே தள்ளினான். நிரப்புவதை நிறுத்திவிட்டேன் என்றான். கேசட் போனது.

படம் வந்தபோது பார்க்கச் சகிக்கவில்லை. வெள்ளைக் கீறல்கள். அம்மச்சியின் முகத்தில் பாதி இல்லை. மோளிக்குட்டி நார் நாராகக் கிழிந்து நின்றாள். பாதிரியாரின் தாடி, குடைகள், சவப்பெட்டியின் சிலுவை, எல்லாவற்றையும் பூஞ்சை தின்றிருந்தது.

அவனை மட்டும் தின்னவில்லை.

ஒரு கீறல்கூட இல்லை. இன்றைக்குக் காலையில் எடுத்த படம்போல இருந்தான். சட்டை மடிப்பு தெரிந்தது. கழுத்து மயிர் தெரிந்தது. பக்கத்து ஆளிடமிருந்து கீறல் ஓடி வரும், அவன் தோளில் முட்டும், நின்றுவிடும். மற்ற எல்லாரும் கேமராவைப் பார்த்தார்கள். அவன் அம்மச்சியின் பக்கம் முழுதாகத் திரும்பியிருந்தான். முகம் தெரியவில்லை. காது தெரிந்தது. மடலில் ஒரு வெட்டு.

ஈப்பனின் கை தானாகப் போய்த் தன் காதைத் தொட்டது. சிறுவயதில் ரப்பர்க் கத்தி பட்ட இடம்.

பாப்பிச்சன் படத்தை நிறுத்தவில்லை. எழுந்து குடையை எடுத்தான்.

"எங்க போற?"

"வீட்டுக்கு."

"மிஷினு?"

"வச்சுக்க."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும் வச்சுக்க ஈப்பச்சா. என் கடைப்பக்கம் மட்டும் வராத."

ஒரு திருகாணியைக்கூட ஓசியில் கொடுக்காதவன் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு மழைக்குள் ஓடினான். ஜீப் கிளம்பும் சத்தம் மரங்களுக்குள் போய் அடங்கியது. மோளிக்குட்டி சமையலறைக் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். உள்ளே சத்தமாக ஜெபம் சொல்ல ஆரம்பித்தாள்.

கேசட்டை வெளியே எடுத்து உடைத்துவிடலாம். ஈப்பன் அதற்குத்தான் கை நீட்டினான்.

"ஏய் வாடகைக்காரா." அம்மச்சியின் குரல். "பாட்டுச் சத்தம் கேட்டுச்சே. அத இங்க கொண்டா."

"வேணாம் அம்மச்சி. ஒண்ணுமில்ல அதுல."

"ஒண்ணுமில்லாததுக்கா ஊரைக் கூட்டின? கொண்டாடா."

டி.வி.யைத் தூக்கினான். இரும்புப் பெட்டியைத் தூக்கினான். வயர்கள் பின்னால் இழுபட்டன. அம்மச்சியின் அறையில் விளக்கு மங்கலாக எரிந்தது. சுவர் ஓரமாக எல்லாவற்றையும் வைத்து, கட்டிலுக்கு முதுகு காட்டிக் குந்தி, வயரைச் சொருகினான். சரியாக உட்காரவில்லை. இன்னொரு தடவை சொருகினான். நாடா ஓடியது. உதிரும் சத்தம் காதில் விழுந்தது.

பாட்டு. மழை. கைகள். முகம். கேமரா திரும்பியது.

கீறல்கள். அம்மச்சி. கீறல்கள். மோளிக்குட்டி.

நடுவில் யாருமில்லை.

அவன் திரைக்கு முகத்தைக் கொண்டுபோனான். நனைந்த சுவர். சுவரோரம் ஒரு குரோட்டன் செடி. ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு வெறும் இடம். அவன் கேட்டது இதுதான். இதற்காகத்தான் இத்தனை மிஷின். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"அம்மச்சி, பாருங்க. பாருங்க இங்க. யாருமே இல்ல. நான் சொன்னேன்ல?"

அந்த வெறும் இடத்தின்மேல் விரலை வைத்துக் காட்டினான்.

பின்னால் கட்டில் முனகியது. பாரம் ஏறினால் வரும் முனகல்.

"ஈப்பச்சா," என்றாள் அம்மச்சி.

எவ்வளவு மெதுவாக. எவ்வளவு பிரியமாக. அவன் திரும்பினான்.

மாதக்கணக்கில் தானாக எழாதவள் கட்டில் விளிம்பில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். திரையைப் பார்க்கவில்லை. அவனையும் பார்க்கவில்லை. மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வலது கை அசைந்தது. முன்னும் பின்னும். தலை கோதுவதுபோல.

மடியில் ஒன்றுமில்லை.

அவள் உடுத்தியிருந்த வெள்ளை முண்டு மட்டும்.

முண்டு உள்ளே அமிழ்ந்திருந்தது. உருண்டையாக. ஒரு தலையின் அளவுக்கு. அமிழ்ந்த இடத்தைச் சுற்றி மழைத்தண்ணீர் கசிந்து பரவியது.

"அம்மச்சீ..."

"கத்தாதடா வாடகைக்காரா," என்றாள், நிமிராமல். "புள்ள தூங்கறான்."

கை நின்றது.

மடியிலிருந்த குழி மெல்ல அசைந்தது. உறக்கத்தில் ஒருவன் முகத்தைத் திருப்புவதுபோல. துணி சுருங்கியது. விரிந்தது.

ஈப்பனின் பக்கமாகத் திரும்பி, நின்றது.