இரண்டாவது மூச்சு

திரையில் இரண்டு என்று இருந்தது.

அறையில் அவள் ஒருத்திதான். சந்தேகத்தோடு நிமிர்ந்து எதிரே இருந்த அண்ணனின் நாற்காலியைப் பார்த்தாள். காலி. சாப்பிட்ட கையோடு மருத்துவமனைக்குக் கிளம்பிப் போனவன் இன்னும் திரும்பவில்லை. அவன் பற்றவைத்த ஈயத்தின் புகைவாடை மட்டும் போக மனமில்லாமல் மேசைமேல் கவிந்திருந்தது.

அண்ணனும் தங்கையுமாக மாடியில் இரண்டு அறைகளை வாடகைக்குப் பிடித்து நடத்திவந்த சின்னக் கம்பெனி அது. கருவியைச் செய்வது அண்ணன் வேலை. எந்நேரமும் பற்றவைப்புக் கோலும் கையுமாக இருப்பதால் தெரிந்தவர்களுக்கெல்லாம் அவன் 'ஈயம்'தான். கருவிக்கு உயிர் கொடுக்கும் சிஸ்டத்தை, அதாவது அதற்குள் ஓடும் மென்பொருளைக் கட்டுவது தங்கை வேலை.

இந்தக் கருவி, குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளின் வார்டுக்கானது. உள்ளங்கை அகலத்தில் ஒரு போர்டு, அதோடு நீண்ட வயரில் ஒரு குட்டித் திரை. யாரையும் தொடாமல் ரேடியோ அலையை அனுப்பி, அது நெஞ்சில் பட்டுத் திரும்புவதை வைத்து, எதிரே எத்தனை பேர் மூச்சு விடுகிறார்கள், எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்கள் என்று சொல்லிவிடும். ஆளுக்கொரு பச்சைக்கோடு. மூச்சை இழுத்தால் கோடு ஏறும், விட்டால் இறங்கும். வார்டில் மாட்டி மணியையும் இணைத்துவிட்டால், ஏதாவது ஒரு குழந்தை மூச்சுவிட மறந்ததும் அது அடிக்கும்.

மறுநாள் காலையில் அது வார்டில் ஓடியாக வேண்டும். இல்லாத மூச்சை இருப்பதாகக் காட்டுகிற கருவி, நின்றுபோன மூச்சையும் ஓடுவதாகக் காட்டிவிட்டால்?  கைபேசியில் அண்ணனைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, ரெண்டு காட்டுது."

"ஃபேன் ஓடுதா பாரு."

"நிறுத்திட்டேன். ஜன்னலும் சாத்தியிருக்கு. வெளியில மழை."

"எலி கிலி இருக்கப் போகுது."

"எலிக்கு இவ்வளவு பெரிய நெஞ்சாண்ணா?"

அவன் சிரித்தான். "அப்ப அந்தச் சிப்புக்காரன் குடுத்த ரெடிமேட் சிஸ்டத்துலதான் கோளாறு. எவனெவனோ எழுதினத எல்லாம் உள்ள திணிச்சு வச்சிருக்கான். அதத் தூக்கிக் கடாசிட்டு, சோர்ஸ் கோடுல இருந்து நீயே கட்டிடு. நீ வைக்காத எதுவும் அதுக்குள்ள இருக்கக்கூடாது. இங்க ஆறு கருவி மாட்டியாச்சு. நீ அனுப்பினதும் ஏத்திடறேன்."

அவளுக்கும் அதுவே சரியென்று பட்டது. போர்டை அணைத்தாள். அணைக்கும் முன் கண்ணில் பட்டது: இரண்டாவது மூச்சு நான்கு மீட்டர் தள்ளி. போர்டு அவளைப் பார்த்தபடி இருந்தது. நான்கு மீட்டர் என்றால், அவள் முதுகுக்குப் பின்னால், சாமான்கள் போட்டுவைத்திருக்கும் பின்னறையின் வாசல்.

திரும்பிப் பார்த்தாள். திறந்த கதவு, உள்ளே இருட்டு, அட்டைப்பெட்டிகளின் விளிம்பு. அவ்வளவுதான்.

அந்தச் சின்னச் சிப்புக்குத் தன் சிஸ்டத்தைத் தானே கட்டிக்கொள்ளும் தெம்பு கிடையாது. மேசைக் கணினிதான் அதற்காக உட்கார்ந்து உழைக்க வேண்டும். அந்த வேலைக்கு முதலில் கிராஸ் கம்பைலர் வேண்டும். அதாவது, இந்தக் கணினியில் இருந்துகொண்டு வேறொரு சிப்புக்குப் புரிகிற பாஷைக்கு நிரலை மாற்றித்தரத் தெரிந்த கம்பைலர். அதையுமே சோர்ஸிலிருந்து கட்டினாள். பிறகு லைப்ரரிகள், சிஸ்டத்தின் மையமான கெர்னல், கடைசியில் மூச்சை எண்ணும் நிரல். ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து, வேண்டாததைக் கழித்துக்கட்டிய பிறகே உள்ளே விட்டாள்.

வெள்ளை வரிகள் திரையில் ஓடிக்கொண்டே இருந்தன. பகல் வெளிச்சம் வடிந்து ஜன்னல் கண்ணாடி சாம்பல் நிறமாகி, மழை தகரக் கூரையில் ஒரே சீராக இரைய, கணினிக்குள் விசிறி மூச்சிரைக்க ஓட, அந்த இரண்டு இரைச்சலுக்கும் அடியில் எங்கோ ஈரத்துணியை மெதுவாக இழுத்து இழுத்து விடுவதுபோல மூன்றாவதாக ஒன்று கேட்கிறதோ என்று அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. காதைக் கூர்மையாக்கினால் மழை மட்டும். கவனம் வேலைக்குத் திரும்பினால் மறுபடி அது. ஈயப் புகைவாடைக்கு நடுவே, வெகுநாள் பூட்டிக் கிடந்த அலமாரியைத் திறந்ததுபோல ஒரு மக்கல் வாடை பிடரிப் பக்கமாக வந்து போனது.

பில்ட் முடிந்தது. மெமரி கார்டில் ஏற்றி, போர்டில் செருகி, உயிர் கொடுத்தாள். கெர்னல் எழுந்தது. வரிகள் ஓடி அடங்கின.

ஒன்று.

"அப்பாடா" என்று வாய்விட்டே சொன்னாள். தன் கோடு ஏறி இறங்குவதை ஆசையாகப் பார்த்தாள். அதே சிஸ்டத்தை அண்ணனுக்கு அனுப்பிவைத்தாள். அனுப்பிவிட்டுத் திரும்பினால், இரண்டு.

மூன்று மீட்டர்.

திரும்பிப் பார்க்கத் துணிவு வரவில்லை. சோதித்துவிடலாம் என்று மூச்சை அடக்கினாள். அவள் கோடு படுத்துவிட்டது. திரையில் ஒன்று என்று மாறியது. மீதியிருந்த அந்த ஒரு கோடு அவசரமே இல்லாமல், தூங்குகிறவர்களின் மூச்சைப்போல, ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

கைபேசி அடித்ததும் தூக்கிவாரிப் போட்டது. அண்ணன்.

"பிரமாதம் போ! ஆறுலயும் ஏத்தியாச்சு. நர்ஸம்மா தொட்டில் தொட்டிலா நின்னு எண்ணிப் பாத்துட்டாங்க. ஒரு மூச்சு கூடவும் இல்ல, குறையவும் இல்ல. காலி ரூம்ல வச்சா பூஜ்யம். சுத்தமா கட்டியிருக்க."

அவள் கண் திரையைவிட்டு நகரவில்லை.

"என்னாச்சு? ஏன் பேசாம இருக்க?"

"அண்ணா... இங்க இன்னும் ரெண்டுதான்."

 அவன் குரல் தாழ்ந்தது. "இங்க பாரு. சிஸ்டம் சரியா இருக்கு. போர்டும் நான் செஞ்சதுதான். நீ வெளிய வந்துடு. எதையும் எடுக்காத. இப்பவே வா."

எழுந்தாள். ஆனால் போர்டை விட்டுவிட்டு எப்படிப் போவது? அது எங்கே இருக்கிறதென்று வேறு எது சொல்லும்? பேட்டரியோடு போர்டை எடுத்து அறைப்பக்கம் நீட்டிப் பிடித்துக்கொண்டாள். மற்றக் கையில் திரை. கைபேசி மேசையிலேயே கிடந்து அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. வெளிவாசலை நோக்கிப் பின்பக்கமாகவே நகர்ந்தாள். கண்ணெதிரே காலி அறை. மேசை, நாற்காலிகள், பின்னறை வாசல். ஒருவரும் இல்லை.

திரையில் ஒன்று; போர்டுக்குப் பின்னால் நிற்கும் அவள் அந்தக் கணக்கில் இல்லை. இரண்டு மீட்டர்.

முதுகு கதவில் முட்டியது. போர்டைப் பிடித்த கையாலேயே திரையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மற்றக் கையைப் பின்னால் விட்டுத் தாழ்ப்பாளைத் துழாவினாள். மழையில் ஊறிய கதவு. தாழ்ப்பாள் நகரவில்லை. இழுத்தாள். நகரவில்லை.

ஒரு மீட்டர்.

மக்கல் வாடை முகத்தில் வந்து மோதியது. நெற்றி மயிர் லேசாக அசைந்தது. அசைந்து அடங்கியது. மறுபடி அசைந்தது.

திரை நழுவித் தரையில் விழுந்தது. விழுந்தும் அணையவில்லை. அவள் கை தானாக எழுந்து மூக்கையும் வாயையும் சேர்த்துப் பொத்திக்கொண்டது. அந்தக் காற்று உள்ளே போய்விடக் கூடாது. எப்படியும் போய்விடக் கூடாது.

கண்ணை இறுக மூடினாள்.

ஒன்றும் நடக்கவில்லை.

வாடை இல்லை. நெற்றியில் காற்று இல்லை. கண்ணைத் திறந்து காலடியில் கிடந்த திரையைப் பார்த்தாள்.

பூஜ்யம்.

போய்விட்டது! கதவோடு சரிந்து உட்கார்ந்தாள். கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. கையிலிருந்த போர்டைத் தன் பக்கம் திருப்பினாள்.

ஒன்று.

ஒன்றுதான். தான் மட்டும்தான். பச்சைக்கோடு ஏறியது. இறங்கியது. அவசரமே இல்லாமல், தூங்குகிறவர்களின் மூச்சைப்போல.

மேசையில் அண்ணன் இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். பதில் சொல்ல வாயைத் திறக்கப் போனாள். அப்போதுதான் உறைத்தது, வாயைப் பொத்திய கையை அவள் இன்னும் எடுக்கவே இல்லை.

மெல்லக் குனிந்து பார்த்தாள்.

மூக்கும் வாயும் அவள் கைக்குள் இறுக அடைபட்டிருந்தன. விரலிடுக்கில் காற்று நுழைய வழியில்லை. அதற்குக் கீழே அவளுடைய நெஞ்சு, நிதானமாக, ஏறியது.

இறங்கியது.

ஏறியது.