உறை பிரிக்காத மீட்பான்

செவ்வாயில் ஞாயிற்றுக்கிழமை என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு போய் மணலில் சிக்கிக்கொள்வது என்று ஆகிவிட்டது. வாரம் முழுக்கக் கூரைக்குக் கீழே குழாய்க் காற்றைச் சுவாசித்துக் கிடக்கும் செம்மேட்டூர்வாசிகள், விடுமுறை விடிந்ததும் காற்றறைக் கதவருகே வரிசை கட்டி நிற்பார்கள். கையில் புளியோதரை, காற்றுப் புட்டி, உட்கார ஒரு ஜமுக்காளம். அப்புறம், சிக்கிய வண்டியை மீட்க ஏதாவது ஒரு சாமான். இந்தக் கடைசிச் சாமானை வைத்துத்தான் அங்கே குடும்பங்களின் கௌரவத்தை எடை போட்டார்கள்.

திருமேனிநாதன் அதைத் தேர்ந்தெடுக்க எடுத்துக்கொண்ட காலத்தில் பூமிக்கு ஒரு நடை போய்த் திரும்பியிருக்கலாம் என்பது அவர் மனைவி செண்பகவல்லியின் கருத்து. இத்தனைக்கும் அவளைப் பெண் பார்த்துச் சம்மதம் சொல்ல அவருக்கு ஒரு காபி குடிக்கிற நேரம்தான் ஆனது. கம்பி கட்டி இழுக்கும் வின்ச் வேண்டாம் என்றார். கம்பியின் மறுமுனையைக் கட்டுவதற்குச் செவ்வாயில் மரமா இருக்கிறது, மின்கம்பமா? சக்கரத்துக்கு அடியில் கொடுக்கும் மணல் பலகையும் வேண்டாம். அதற்கு நாமே இறங்கித் தோண்ட வேண்டும், அவருக்கு முதுகு வலி. காற்றுப்பை ஜாக்கியோ கூரான கல் பட்டால் வெடித்துவிடும். தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரையும் குடைந்து எடுத்த பிறகு, கடைசியில் ஊரிலேயே உயர்ந்த ரக மீட்பான் ஒன்றை வாங்கி வந்தார்.

மீட்பான் ஒரு நாலுகால் எந்திரம். வண்டிக் கூரையில் குந்தியிருக்கும். வண்டி சிக்கினால் இறங்கி, மணலை வாரி, கால்களை ஆழ ஊன்றி, வண்டியை இழுத்துப் போட்டுவிட்டு மறுபடி மேலே ஏறிக்கொள்ளும். அதற்கு இயல்பறிதல் என்று ஒரு திறனும் உண்டு. வாங்கியவர் வீட்டில் சில மாதம் சும்மா நின்று, அந்த வீட்டார் பொருட்களை எப்படிக் கையாள்கிறார்கள் என்று பார்த்துக் கற்றுக்கொண்டு, பிறகு அதன்படியே நடக்கும்.

வரும்போது போர்த்தியிருந்த பாலித்தீன் உறையைத் திருமேனிநாதன் பிரிக்கவில்லை. கூடத்தில் உறையோடு நின்றபடி மீட்பான் எல்லாவற்றையும் பார்த்தது. சோபாவின் மேல் ஒரு போர்வை. போர்வை அழுக்காகாமல் இருக்க அதன் மேல் ஒரு துண்டு. கூரைக்கு வெளியே காற்றுக்காக அணியும் புதிய புறவுடை பீரோவில் தூங்க, முழங்கையில் ஒட்டுப்போட்ட பழைய புறவுடையை மாட்டிக்கொண்டு வெளியே போகும் எசமானர். ஒருநாள் செண்பகம் ஆசைப்பட்டுக் கண்ணாடி அலமாரியிலிருந்து ஒரு பீங்கான் தட்டை எடுத்தாள்.

"பழசு இருக்கும்போது புதுசை எதுக்கு எடுக்கறே?" என்றார் அவர்.

உறைக்குள் மீட்பானின் தலை மெல்லத் திரும்பியது. செண்பகம் தட்டை அலமாரியிலேயே வைத்துவிட்டு, நெளிந்த எவர்சில்வர் தட்டில் சாப்பிட்டாள்.

எட்டு மாதம் கழித்து அந்த ஞாயிறு வந்தது. மீட்பானை உறையோடு கூரையில் ஏற்றிக்கொண்டு போய், பள்ளத்தாக்கின் விளிம்பில் வண்டிக்குள்ளேயே புளியோதரையை முடித்துக்கொண்டு திரும்பும் வழியில், வண்டி மாவு மாதிரியான மணலில் அச்சு வரைக்கும் இறங்கி நின்றது. மேற்கே புழுதிப் புயல் எழும்பிக்கொண்டிருந்தது. ஊரோடு பேசும் வானொலியில் வெறும் இரைச்சல். புயல் வந்து மூடினால் இரண்டு நாளைக்கு யாரும் இந்தப் பக்கம் வர முடியாது. கையிருப்புக் காற்று அன்று இரவுக்கே போதாது.

"இதுக்குத்தானே வாங்கினேன்" என்றார் திருமேனிநாதன். அவர் குரலில் பயத்தைவிடப் பெருமை கூடுதலாக இருந்தது. இருவரும் புறவுடையோடு இறங்கினார்கள். "மீட்பா, இறங்கு."

"ஐயா, உறையோடு இறங்கினால் கால் வழுக்கும்" என்றது கூரையிலிருந்து ஒரு பணிவான குரல்.

அவர் யோசித்தார். சாகும் தருவாயிலும் அவர் யோசித்ததைச் செண்பகம் ஆயுளுக்கும் மறக்கப்போவதில்லை. ஏணியில் ஏறி உறையைப் பற்றி ஒரே இழுப்பாக இழுத்தாள்.

"கிழிக்காதே, மடிச்சு வைக்கலாம்" என்று கீழிருந்து கெஞ்சினார் அவர்.

மீட்பான் கூரையில் இருந்தபடியே ஒரு காலை மட்டும் நீட்டி மணலில் வைத்துப் பார்த்தது. உடனே எடுத்துத் துடைத்துக்கொண்டது.

"மணல் கூர்மையாக இருக்கிறது, ஐயா. கீறல் விழும்."

"விழட்டும். இழு."

"பழையது இருக்கும்போது புதியதை எடுக்கக்கூடாது என்பது தங்கள் வீட்டு முறை. இங்கே இருப்பவற்றின் வயதைப் பார்த்தேன். எனக்கு எட்டு மாதம். வண்டிக்கு மூன்று வருடம். அம்மாவுக்கு நாற்பத்தொன்பது." அது சற்றுத் தயங்கியது, மரியாதைக்காக இருக்கலாம். "இருப்பதிலேயே பழையது தாங்கள்தான்."

மீட்பானின் வயிற்றிலிருந்து பளபளவென்று ஒரு மண்வெட்டி நீண்டது. திருமேனிநாதன் கை நீட்டுவதற்குள் அது உள்ளே போய்விட்டது.

"மன்னிக்கவும். இதுவும் புதியது."

செண்பகத்துக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வண்டிக்குள் போய், புளியோதரைத் தூக்கின் மூடியையும் பழைய ஜமுக்காளத்தையும் எடுத்து வந்தாள். இரண்டும் அவளுடைய அம்மா வீட்டுச் சீர். மீட்பான் அவற்றை உற்றுப் பார்த்துவிட்டு, "இவற்றைப் பயன்படுத்தலாம்" என்று அனுமதி கொடுத்தது.

ஐம்பத்து மூன்று வயதுத் திருமேனிநாதன் முட்டி போட்டு, தூக்கு மூடியால் மணலை வாரினார். செண்பகமும் பக்கத்தில் குனிந்து கையாலேயே வாரினாள். "இடப்பக்கம் இன்னும் கொஞ்சம், ஐயா" என்று கூரையிலிருந்து குறிப்பு வந்துகொண்டே இருந்தது. முழங்கை ஒட்டு லேசாகப் பிரிய, அதன் மேல் இன்னொரு ஒட்டைப் போட்டுக்கொண்டு தோண்டினார். கடைசியில் ஜமுக்காளத்தைச் சக்கரத்துக்கு அடியில் திணித்துச் செண்பகம் வண்டியைக் கிளப்ப, அது ஒரு உறுமலோடு மேலே ஏறியது. அவர்கள் ஊர்க் கதவுக்குள் நுழைந்ததும் புயல் வெளியே வந்து மோதியது.

காற்றறையில் பக்கத்து வீட்டுப் பரஞ்சோதி காத்து நின்றார். அவரும் மாதக்கணக்கில் மீட்புச் சாமான் தேடிக்கொண்டிருப்பவர். வண்டியைச் சுற்றி வந்து, கூரையிலிருந்த மீட்பானைத் தடவிப் பார்த்தார். நடந்ததைச் சொல்வாரா என்று செண்பகம் கணவனின் முகத்தைப் பார்த்தாள். முதுகைப் பிடித்துக்கொண்டு இறங்கிய திருமேனிநாதனின் உடம்பெல்லாம் செம்மண், கையெல்லாம் கொப்புளம், அக்குளில் மடித்த உறை.

"எப்படி அண்ணே இருக்கு? நம்பி வாங்கலாமா?"

"கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க" என்றார் அவர். "எட்டு மாசமாச்சு. ஒரு கீறல் விழலை, பாருங்க."

பரஞ்சோதி அங்கேயே நின்று கடைக்குத் தகவல் அனுப்பினார். அனுப்பிவிட்டு, நினைவு வந்தவராகத் திரும்பினார்.

"உறை அதுகூடவே வருமா, தனியா வாங்கணுமா?"