முறக்காதன் எங்கே நின்றான்?

"அய்யோ... இது யானை மிதிச்ச ஒடம்பு இல்ல!"

போலீஸ் ஜீப்பில் கிடந்த தார்ப்பாயை விலக்கிய முருகேஸ்வரி அலறினாள்.

உள்ளே சங்கையா. அவள் புருஷன்!

கேரளத்துச் சின்னக்கானல் பக்கத்து எஸ்டேட்டில் ஏலச் செடிக்கு மருந்து அடிக்கிறவன். செவ்வாய்க்கிழமை, லயத்து வீடுகளில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து வந்து, ஏலக்காய்த் திருட்டு என்று போலீஸார் இழுத்துப் போனார்கள். மறுநாள் கேட்டதற்கு, அப்படி யாரையும் பிடிக்கவே இல்லை என்று கையை விரித்தார்கள்.

இன்று பிணம்!

அவளை ஸ்டேஷனுக்குள் தள்ளினார்கள். போனைப் பிடுங்கினார்கள். கதவைத் தாழ்ப்பாள் போட்டார்கள்.

"முறக்காதன் மிதிச்சிட்டான், கேட்டோ?" என்றார் எஸ்.ஐ. ராஜீவன்.

முறக்காதன்... அந்த மலையையே ஆட்டிப் படைக்கும் ஒற்றை யானை.

"காலையில ஆறு மணிக்கு. ஒம்பதாம் நம்பர் காட்டுல. டி.வி.யிலயும் சொல்லியாச்சு. புருஷன் ராத்திரி ஊட்ல இருந்தான், விடிஞ்சு வேலைக்குப் போனான்னு நீ சொன்னதா மொழி எழுதிருக்கேன். ஒப்பு போடு!"

"அவரக் கூட்டிட்டுப் போனதே நீங்கதான சார்!"

"யாரு பார்த்தா?"

ராஜீவன் பேனாவை அவள் பக்கம் நகர்த்தினார்.

"உன் மக மௌனிகா... பஸ் இறங்கி ஒத்தையிலதானே நடந்து வர்றா?"

பாவி! புருஷனைத்தான் கொன்றார்கள், பெண்ணையுமா?

பேனாவை எடுத்தாள்...

டிங்!

எஸ்.ஐ.யின் போன். யானை குரூப்!

யானை எங்கே நிற்கிறது என்று பார்த்தவர்கள் வாய்ஸ் அனுப்பும் வாட்ஸ்அப் குரூப். மேலதிகாரி கூப்பிட்டால்கூட போலீஸார் எடுக்காமல் இருப்பார்கள். இதைக் கேட்காமல் இருக்கமாட்டார்கள். யானை வாசலிலேயே நின்றால்?

வந்த வாய்ஸைச் சட்டென்று தட்டினார் ராஜீவன்.

"ஐயோ! எஸ்.ஐ. பேசறேன்! மணி ஆறு... முறக்காதன் ஸ்டேஷன் வாசல்ல நிக்குது! ஜீப்பை மறிச்சிட்டான்! யாரும் இங்க வராதீங்க!"

அவருடைய குரலேதான்! இன்று காலை, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அவரே அனுப்பியது. பயத்தில் உண்மை பேசியவர், பொய் எழுதும்போது அதை மறந்துவிட்டார்.

டி.வி. செய்தி பார்த்த மௌனிகாதான் அதைத் தேடி எடுத்து மறுபடி போட்டிருந்தாள். கீழே ஒரு வரி.

'ஒம்பதாம் நம்பர் காடு மலைக்கு அந்தப் பக்கமாச்சே... எங்கப்பாவ எந்த முறக்காதன் சார் மிதிச்சது?'

டிங்! டிங்! டிங்! எஸ்டேட் முழுக்கக் கேள்வி கேட்டது. சேனல் நிருபரும் அதே குரூப்பில்!

"இதை... இதை உன் மகள அழிக்கச் சொல்லு!" பிடுங்கிய போனை ராஜீவன் அவளிடமே நீட்டினார்.

"எல்லார் போன்லயும் கெடக்கே சார்!"

முருகேஸ்வரி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அழுகை நிற்கவில்லை. ஆனாலும் பேனாவை மூடி அவர் பக்கமே தள்ளினாள்.

"முறக்காதனுக்கு நீங்களே சாட்சி சொல்லிட்டீங்க சார்... உங்களுக்குச் சாட்சி சொல்ல எந்த ஆனை வரும்?"