செவ்வாய்க்கிழமை நீச்சல்

செவ்வாய்க்கிழமை என்றால் அந்த ஊரில் கடலுக்கும் விடுமுறை. கானா நாட்டின் கரையில் அது பாட்டன் பூட்டன் காலத்து வழக்கம். படகுகள் மணலில் ஏறி நிற்கும். ஆண்கள் வலைகளைப் பரப்பிக் கிழிசல் தைப்பார்கள். வலையின் ஒரு நூல்கூட அன்று நனையக் கூடாது.

பாறைகளுக்குப் பக்கத்தில், அலை அடங்கிய இடத்தில், பதினொரு வயது அராபா தன் அண்ணன் எபோவுக்கு நீச்சல் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"முகத்தைத் தண்ணிக்குள்ள வை அண்ணா!"

"உப்புக் கரிக்குதுடி!"

"கடல் கரிக்காம இனிக்குமா? வை!"

எபோவுக்குப் பதினைந்து வயது. தென்னை மரம் மாதிரி வளர்ந்திருந்தான். ஆனால் தண்ணீர் இடுப்பைத் தாண்டினால் போதும், அவன் முகமே மாறிவிடும்.

மீன் பருவம் தொடங்கியதும் அவன் தாய்மாமாவின் படகில் ஏற வேண்டும். மாமாவுக்கோ நீச்சல் பேச்சே பிடிக்காது. "நாம மீன் பிடிக்கப் போறோமா, மீனாகப் போறோமா?" என்று சிரிப்பார். போன வருடம் ஒரு படகு கவிழ்ந்தபோது, எபோவின் தோழன் யூஃபி கரை திரும்பவில்லை. அன்றிலிருந்து அராபாவுக்கு ஒரே பிடிவாதம். நீந்தத் தெரியாமல் அண்ணன் படகேறக் கூடாது.

அவள் நீச்சல் கற்றது மூன்று வருடங்களுக்கு முன். வெளியூரிலிருந்து டாட்சி டீச்சர் வந்து, பெரிய விடுமுறையில் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுத்தரும் கோடைப் பள்ளி நடத்தினார். ஒரு மாதம்தான். தண்ணீருக்குப் பயந்து எபோ அந்தப் பக்கமே போகவில்லை. டீச்சர் போனதும் ஊர் அதை மறந்துவிட்டது. அராபா மறக்கவில்லை.

அண்ணன் பிடித்துக்கொண்டு மிதக்க, இரண்டு மஞ்சள் தண்ணீர்க் கேன்களைச் சேர்த்துக் கட்டியிருந்தாள். எதைக் கொண்டு கட்டினாள் தெரியுமா? வீட்டில் கிடந்த பழைய வலைத் துண்டால்! வினை அங்கேதான் வந்தது.

கரையில் வலை தைத்துக்கொண்டிருந்த ஒருவர் அதைப் பார்த்துவிட்டார்.

"ஐயையோ! செவ்வாக்கிழமை தண்ணியில வலை!"

அன்று மாலையே மீனவர் தலைவரின் முற்றத்தில் ஊர் கூடியது. நானா என்று எல்லாரும் அழைக்கும் அந்தத் தலைவரிடம் யாரும் நேராகப் பேசக் கூடாது. பக்கத்தில் கோலோடு நிற்கும் பேச்சுக்காரரிடம் சொல்ல வேண்டும். அவர்தான் நானாவிடம் சொல்வார். நானா கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் அப்படித்தான்.

"நானா கேக்குறாரு. வலையை நனைச்சது யாரு?" என்றார் பேச்சுக்காரர்.

எபோ வாயைத் திறப்பதற்குள் அராபா முன்னால் வந்தாள்.

"நான்தான். அதை வலைன்னே நினைக்கலை, கயிறுன்னு நினைச்சுட்டேன். தப்புதான். மன்னிப்புக் கேக்குறேன்னு நானாகிட்ட சொல்லுங்க."

"மன்னிப்புக் கேக்குறா, நானா."

"என் காதுலயும் விழுந்துச்சு," என்று நானா பேச்சுக்காரரிடமே சொன்னார். கூட்டம் சிரித்தது. ஆனால் நானா சிரிக்கவில்லை. "இனிமே செவ்வாக்கிழமை நீச்சலும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

மற்ற நாட்களில் எபோ விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை கரையில் வலை இழுக்கிறான். செவ்வாயை விட்டால் வேறு நாள் ஏது? அராபா நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

"வலை நனையக் கூடாது, சரி. மனுஷன் நனையலாமான்னு நானாவைக் கேளுங்க."

கூட்டத்திலிருந்து மாமா எழுந்தார். "நானாகிட்ட சொல்லுங்கய்யா, இவ நீச்சல் கத்துக்கிட்டது என்னிக்கோ ஒரு மாசம் நடந்த பள்ளிக்கூடத்துல. அங்க படிச்சது இன்னமுமா நிக்கும்? இதுங்க நேத்துத் தின்னதையே மறந்துடும்!"

அராபா இரண்டு விரல்களை வாயில் வைத்தாள். நீளமாக ஒரு விசில். இன்னொரு விசில்.

சடசடவென்று கூட்டத்தில் கைகள் உயர்ந்தன!

கென்கே என்ற சோளமாவு உருண்டையைத் தின்றுகொண்டிருந்த கொபினா, பக்கத்திலிருந்தவனின் கையைப் பிடித்து, கென்கேயோடு சேர்த்து மேலே தூக்கினான். தலையில் ஆரஞ்சுக் கூடையோடு நின்ற எகுவா, ஒரு கையால் கூடையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தோழியின் கையை உயர்த்தினாள். அங்கே ஒரு ஜோடி, இங்கே ஒரு ஜோடி. எல்லாரும் அந்தக் கோடைப் பள்ளியில் படித்தவர்கள். சிலருக்கு மீசைகூட முளைத்துவிட்டது. தூக்கிய கையை அவர்களே ஆச்சரியமாகப் பார்த்தார்கள்.

"என்ன கூத்து இது?" நானா பேச்சுக்காரரை மறந்து நேராகவே கேட்டுவிட்டார்.

அராபா மட்டும் மறக்காமல் பேச்சுக்காரரைப் பார்த்துச் சொன்னாள்.

"தண்ணியில ஆளுக்கு ஒரு ஜோடி உண்டு. இந்த விசில் கேட்டா, ஜோடி பக்கத்துல இருக்காங்களான்னு பாத்துக் கையைத் தூக்கணும். யாரும் யாருக்கும் தெரியாம காணாமப் போயிடக் கூடாதுல்ல... யூஃபி மாதிரி."

யூஃபியின் அம்மா தலைத்துணியின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நானா தாடியைத் தடவினார்.

"வலை நனையக் கூடாதுன்னுதான் பெரியவங்க சொன்னாங்க. மனுஷனைப் பத்தி ஒண்ணும் சொல்லலை. கத்துக்கட்டும். ஆனா பருவம் தொடங்குறதுக்கு முந்தின நாள், ஊரே பாக்க, உன் அண்ணன் பாறையிலேர்ந்து உன் மாமா படகு வரைக்கும் நீந்தணும். நீந்திட்டா, அப்புறம் நீச்சல் தெரியாத எந்தப் பிள்ளையும் என் கரையில படகேறாது. நீந்தலைன்னா எல்லாத்தையும் நிறுத்திடணும்."

அடுத்த செவ்வாய் கொபினாவும் எகுவாவும் கூப்பிடாமலே வந்து நின்றார்கள்.

"நீ ஒருத்தியே சொல்லிக் குடுத்தா உங்கண்ணன் கிழவனாயிடுவான்," என்றான் கொபினா.

கேன்களை இந்தமுறை தேங்காய் நார்க் கயிற்றால் கட்டினார்கள். எபோ உப்புத் தண்ணீர் குடித்தான், இருமினான். "போங்கடா!" என்று திட்டிவிட்டுக் கரையேறினான். அராபா தண்ணீரிலேயே நின்றாள். கொஞ்ச நேரத்தில் அவனே மறுபடி இறங்கினான்.

செவ்வாய்கள் பல கடந்து, பருவத்துக்கு முந்தின நாள் வந்தது. மாமாவின் படகு நங்கூரம் போட்டு ஆடிக்கொண்டிருந்தது. எபோ பாறையிலிருந்து இறங்கினான். கொபினா ஜோடியாகப் பின்னால் வந்தான்.

பாதி தூரத்தில் ஓர் அலை எபோவை மூடியது. கரையில் அராபா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். தலை தெரிந்தது! கொபினா நெருங்கிக் கையை நீட்டினான். எபோ வேண்டாமென்று தலையசைத்தான். மல்லாந்து மிதந்து நன்றாக மூச்சு வாங்கினான். பிறகு புரண்டு, ஒவ்வொரு கையாக வீசிப் போட்டான். அவன் விரல்கள் படகைத் தொட்டபோது கரையில் எழுந்த கூச்சலில் நாய்கள் மிரண்டு ஓடின. அராபா அழுதுகொண்டே குதித்தாள்.

மாமா குனிந்து எபோவை உள்ளே இழுத்தார். முப்பது வருடமாகக் கடலுக்குப் போகிற மாமா, யாருக்கும் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார்.

"டேய், உன் தங்கச்சி... பெரிய ஆளுங்களுக்கும் கத்துக் குடுப்பாளா?"

எபோ மூச்சிரைக்கச் சிரித்தான்.

"செவ்வாக்கிழமை வாங்க மாமா. லேட்டா வந்தா திட்டுவா."