மூச்சுச் சுருள்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. போர்வையைக் காலுக்கும் சேர்த்து இழுத்துக்கொள்ளுங்கள். டொலீடோ நகரத்து ராக் இசை வானொலி நிலையத்தில் ஒலிநாடா வெட்டி ஒட்டிக்கொண்டிருந்த நோரீனுக்கு நடந்ததைச் சொல்கிறேன். நடுவில் பயம் வந்தால் என் கையைப் பிடித்துக்கொள்ளலாம்.

நிலையத்து அலமாரியின் மேல்தட்டிலிருந்து தன் பழைய தகர டப்பாவை நோரீன் எடுத்தபோது கை தாழ்ந்தது. இவ்வளவு கனமாகவா இருந்தது? மூடியைத் திறந்தாள். உள்ளே நாடாச் சுருள் விளிம்புவரை நிறைந்திருந்தது.

"யோவ் ஸ்டான், இது எப்படிய்யா ரொம்பிப் போச்சு? நான் பாதியோடதானே எடுத்து வச்சேன்?"

நிலையத்தின் பழைய இன்ஜினியர் ஸ்டான் வாசல் நிலையில் சாய்ந்து கையுறையை மாட்டிக்கொண்டிருந்தார். "இன்னுமா அந்தச் சனியனை வச்சிருக்கே? பாதியாம், முழுசாம்! எனக்குக் காலையில என்ன தின்னேன்னே ஞாபகமில்ல."

"ஜாம் வச்ச பன்னு, ரெண்டு பொன்ச்கி தின்னிருக்கே. சட்டையெல்லாம் ஜாம்."

நாடாக் காலத்தில் பிறந்த விளையாட்டு அது. மைக் முன்னால் பேசுகிறவர்கள் ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்பும் மூச்சை இழுப்பார்கள். அந்தச் சத்தம் விளம்பரத்தில் கேட்கக் கூடாது. நோரீன் பிளேடால் அதை வெட்டி எறிவாள், விரல் நீளத் துண்டு. ஒருநாள் எறிய மனமில்லாமல் துண்டுகளை ஒட்டத் தொடங்கினாள். காலை நிகழ்ச்சி நடத்திய பட்டி என்பவனின் மூச்சில் சிகரெட் விசில் அடிக்கும். வரவேற்பு மேசையில் இருந்துகொண்டே சோபாக்கடை விளம்பரம் படித்த மார்லாவுக்கு விக்கல் மாதிரி சின்ன இழுப்பு. மாலை நிகழ்ச்சி நடத்திய வால்ட், ஏரியில் குதிக்கப் போகிறவன்போல அடி வயிற்றிலிருந்து இழுப்பான். அந்த மூச்சை வெட்டி வெட்டியே நோரீன் அவனைக் காதலித்தாள், கட்டிக்கொண்டாள். எல்லாம் இழுத்த மூச்சு. விட்ட மூச்சு பேச்சோடு போய்விடும், அதை யாரும் வெட்டுவதில்லை.

கணினி வந்ததும் டப்பாவை மூடிவிட்டாள். இப்போது நிலையத்தையே விற்றாகிவிட்டது, நாளை சாவியைக் கொடுக்க வேண்டும். சனிக்கிழமை, போய்ச் சேர்ந்தவர்களுக்கு ஒரு நினைவு நிகழ்ச்சி. கீழ்த்தளத்தில் குழாய் வெடித்ததில் வால்ட்டின் குரல் இருந்த நாடா அத்தனையும் ஊறி அழிந்திருந்தது. அவன் சத்தமென்று உலகத்தில் மிச்சமிருந்தது இந்த மூச்சுதான். அதில் ஒரே ஒரு துண்டாவது வேண்டும் என்றுதான் பனியில் இவ்வளவு தூரம் வந்திருந்தாள்.

"நான் போய் வண்டிமேல இருக்கிற பனியைச் சுரண்டறேன். ஹாரன் அடிச்சா இறங்கி வா," என்றார் ஸ்டான். "அப்புறம் தாயே, கேக்கறப்போ மூச்சு விடு. வெட்டற எடத்தைத் தேடறப்போ நீ இழுத்துப் புடிச்சு வச்சுக்குவே. உன் மூஞ்சி எப்போ நீலமாகும்னு பட்டி பந்தயமே கட்டுவான்."

"ஞாபகமில்லேன்னியே இப்போ?"

அவருடைய சிரிப்பு படியிறங்கிப் போனது. சாயங்கால வெளிச்சம் ஜன்னலில் சாம்பலாகக் கரைந்துகொண்டிருந்தது. இயந்திரத்தின் சூட்டில் பழைய தூசி கருகி, எவரோ எப்போதோ சிந்திய காப்பியும் சிகரெட்டும் கம்பளத்திலிருந்து எழுந்துவந்தது போன்ற வாசனையை அறை முழுக்கப் பரப்ப, நோரீன் ஏற்றிய சுருள் மெல்லச் சுழன்றது. பட்டி இழுத்தான். மார்லா இழுத்தாள். வால்ட். மறுபடி வால்ட். நோரீன் புன்னகையோடு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பாதி தாண்டியது. ஒட்டுகளைப் பார்த்தாள். அவள் எப்போதும் சாய்வாக வெட்டுவாள். இங்கிருந்து எல்லாம் நேர்வெட்டு.

பட்டி இழுத்தான். ஆனால் விசில் இல்லை. சளியில் குமிழியிடும் மூச்சு, பின்னால் ஆஸ்பத்திரி இயந்திரத்தின் 'பீப்'. இந்த அறையில் நாடா ஓடுவது நின்று எட்டு வருஷம் கழித்து இறந்தவன் பட்டி.

மார்லா. பின்னால் காரின் வைப்பர் மழையைத் தள்ளும் சத்தம். லாரியின் ஹாரன். சட்டென்று உள்ளே போன மூச்சு. வெளியே வரவில்லை.

அடுத்தது வால்ட்.

அது மைக் முன்னால் இழுத்த மூச்சு இல்லை. போன மார்ச் மாதம், ஜன்னலோரக் கட்டிலில், அவள் கையைப் பிடித்தபடி இழுத்தது. அது வெளியே வருமென்று அவள் காத்திருந்தாள். காத்துக்கொண்டே இருந்தாள். அந்த அறையில் மைக் ஏது? யார் பதிவு செய்தார்கள்? மூச்சு முடிந்த இடத்தில் நாற்காலி கிரீச்சிட்டது. ஒரு பெண்குரல், அவளுடையதே: "வால்ட்?"

நாடா தீர்ந்தது. வால் நுனி தட், தட் என்று அடித்தது.

ஓடியிருக்க வேண்டும், கண்ணுகளா. அவளுக்கும் தெரியும். ஆனால் அது வால்ட். விட்டுவிட்டு எப்படிப் போவது? நாடாவை மறுபடி ஏற்றினாள். இரண்டு சுருளிலும் கை வைத்து, முன்னும் பின்னுமாக ஆட்டி, அவன் மூச்சு தொடங்கும் இடத்தைத் தேடினாள். காது கூர்ந்தது. முப்பது வருஷப் பழக்கம். தன்னையறியாமல் மூச்சை இழுத்துப் பிடித்தாள்.

கிடைத்தது. வெள்ளைப் பென்சிலால் குறி வைத்தாள்.

போதும். மூச்சை விடலாம்.

வரவில்லை.

வாயைத் திறந்தாள். நெஞ்சு தூக்கிய இடத்திலேயே நின்றது. உள்ளே காற்று இருந்தது. நிறைய இருந்தது. போக வழியில்லை.

கீழே ஹாரன் அடித்தது.

மேசையைப் பிடித்தாள். பென்சில் உருண்டு விழுந்தது. ஜன்னல் கண்ணாடியில் தன் முகம். உதடு நீலம்.

ஹாரன். இரண்டு தடவை.

வெட்டுப்பலகையில் ஏதோ அசைந்தது. சற்றுமுன் அங்கே எதுவும் இல்லை. விரல் நீளத்தில் ஒரு நாடாத் துண்டு. புதிது. நேர்வெட்டு. யாரும் தொடாமலே அது நகர்ந்து, தொங்கிய வால் நுனியோடு போய்ப் பொருந்தியது. ஒட்டு அழுந்தியது.

கதவுக்குமேல், பதிவு நடப்பதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது.

சுருள் சுற்றத் தொடங்கியது.

கண்ணுகளா, உங்கள் வீட்டில் யார் இழுத்த மூச்சும் உள்ளே நிற்காமல், நிம்மதியாக வெளியே வந்து, காலைவரை சீராக ஓடட்டும்.